கதவுக்குப் பின்னால் ஒரு ‘ம்’

அவள் கேள்வியை இன்னும் முடிக்கவில்லை. “சாப்பிட்டீ” என்பது வரைக்கும்தான் வந்திருந்தாள். அதற்குள் சின்ன அறையின் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து “ம்” என்று பதில் வந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் ஒற்றைக் காலில் அப்படியே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவர் ஒரு கேள்விக்கு ஒரே தடவையில் பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. முதல் தடவை கேட்டால் காதில் விழாது. அடுத்த தடவை விழும், ஆனால் வேறு யாரையோ கேட்கிறாள் என்று இருந்துவிடுவார். அதற்கும் அப்புறம், அவள் குரல் பக்கத்து வீடு வரை போய்த் திரும்பி வரும்போதுதான் “என்ன?” என்பார். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிறுகளோடு நின்று பழகிய மனிதர், வீட்டுக்கு வந்த பிறகும் ஏதோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரிதான் இருப்பார். அப்படிப்பட்டவர் கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறார் என்றால் கிண்டல் செய்கிறார் என்றுதான் அர்த்தம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துணி துவைக்கும் இயந்திரங்கள் விற்கிற கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. ஊரில் யார் வீட்டுத் துணி கிழிந்தாலும், யார் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் தேங்கினாலும், அவளைத்தான் திட்டுவார்கள். “ம், சொல்லுங்க சார்” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுடைய கோபத்தைக் கேட்கத்தான் உலகத்தில் ஒரு காது இல்லை.

இந்த வாரம் அந்தக் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. வேறு ஊர்க் கிளைக்கு அவளை மேற்பார்வையாளராகக் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். “நீங்களும் வர்றீங்களா?” என்று வாரம் முழுக்கக் கேட்டுவிட்டாள். வருகிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. தனியாகப் போக அவளுக்குப் பயமில்லை. ‘சரி, நீ போ’ என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் பயம். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வரும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பெட்டி. தெருக்கோடி வீட்டுக் கிழவி இறந்துபோய், உறவுக்காரர்கள் வந்து வீட்டுச் சாமான்களைக் கூடத்தில் பரப்பி வைத்து விற்றார்கள். மற்றவர்கள் மின்விசிறி, பீரோ என்று உருப்படியாக எதையாவது தூக்கிப் போனார்கள். இவர் இதைத் தூக்கி வந்து சின்ன அறை மேசையில் வைத்தார். தையல் மிஷின் மூடி அளவுக்கு ஒரு கறுப்பு மரப்பெட்டி, அதன் இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாகத் தோல் துருத்திகள், முன்னால் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த பித்தளை வாய். முடுக்கச் சாவி இல்லை, கைப்பிடி இல்லை, செய்தவன் பெயர் இல்லை. படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். பூச்சி மருந்து அடிக்கிறது என்றான் ஒருவன். மூச்சுத் திணறலுக்குப் பழைய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தது என்றான் இன்னொருவன். பெண்டாட்டி கேட்டதற்கு வாய் திறக்காதவர், இதைப் பற்றி உலகத்தோடெல்லாம் பேசினார்.

இசைக்கருவிகள் பழுதுபார்ப்பவரைக்கூட வீட்டுக்கு அழைத்து வந்தார். அந்த மனிதர் டார்ச் அடித்து உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

“மத்த வாத்தியம் எல்லாம் காத்தை வெளிய ஊதும். இதுல காத்துக்கு வழிவிடற மடல் எல்லாம் உள்பக்கமா தொறக்குது. உள்ள போகலாம். வெளிய வர வழியே வைக்கல.”

அப்படியானால் எதற்குத்தான் இது என்று கணவர் கேட்டார். “வாசிக்கிறதுக்கு இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்றவர், அவள் போட்டுக் கொடுத்த டீயைத் தொடாமலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எதிர்வீட்டு டீச்சர் வேறு ஒன்று சொன்னார். அந்தக் கிழவி காலையிலிருந்து இருட்டும்வரை புருஷனைத் திட்டிக்கொண்டே இருப்பாளாம். அவர் “ம்” என்பதைத் தவிர ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லையாம். படுத்த படுக்கையாக இருக்கிறார், பாவம் என்று தெருவே பரிதாபப்பட்டதாம். உறவுக்காரர்கள் வந்துதான், அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்றே என்றார்களாம். டீச்சர் கையை நீட்டி, மயிர்க்கூச்செறிந்திருப்பதைக் காட்டினார். இவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ‘ம்’ கொட்டினவனுக்குப் பாவம் பார்க்க ஒரு தெரு இருந்தது. தொண்டை கிழியப் பேசினவளுக்கு யார் பாவம் பார்த்தார்கள்?

வெள்ளிக்கிழமை சண்டை முற்றி, கணவர் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். “பதில் சொல்ற வரைக்கும் அந்தக் கதவை நான் தொட மாட்டேன். நீங்களா வந்து சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டாள். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியபோதும் அறை சாத்தியிருந்தது. இன்று சனிக்கிழமை, அவருக்கு விடுமுறை. சாயங்காலம் திரும்பி வந்தால் அதே சாத்திய கதவு. உள்ளே விளக்குக்கூட இல்லை. கதவின் அடியிலிருந்து, ரொம்ப நாள் பூட்டி வைத்த தோல் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை வந்தது.

“பெரிய மனுஷன்தான்” என்றாள் கதவைப் பார்த்து.

“ம்.”

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். தட்டில் சோறு போட்டுக் கதவருகே வைத்தாள். வைத்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அன்று யார் யார் தன்னைத் திட்டினார்கள் என்று ஆரம்பித்தாள். “ம்” என்றது உள்ளே. மேலாளரின் புத்தியைப் பற்றிச் சொன்னாள். “ம்.” கணவரின் அக்கா, தங்கள் கல்யாணத்தன்று பந்தியில் வைத்துத் தன்னைச் சொன்ன சொல்லை, இத்தனை வருஷமாக விழுங்கி வைத்திருந்ததை, எடுத்து வெளியே போட்டாள். சரியான இடத்தில், சரியான இறக்கத்தோடு, “ம்” வந்தது. பேசப் பேச நெஞ்சில் இருந்த பாரம் இறங்குவது போலிருந்தது. இந்த மனிதருக்கு இவ்வளவு நன்றாகக் கேட்கத் தெரியுமா என்று கண்ணில் நீர்கூட வந்தது. நடுவில் சில தடவை, தோல் செருப்பை வளைத்தால் வரும் மெல்லிய முறுகல் சத்தம் உள்ளே கேட்டது. நாற்காலியில் அசைகிறார் என்று நினைத்துக்கொண்டாள். எப்போது தூங்கிப்போனாள் என்று தெரியவில்லை.

விடிந்தபோது சோறு வைத்தது வைத்தபடி காய்ந்து கிடந்தது.

கழுத்து வலித்தது. தொண்டை வறண்டிருந்தது. ஜன்னல் வழியே நல்ல வெயில். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் ராத்திரி முழுக்க வெளியே வரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, கழிவறைக்குப் போகவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் பயந்திருக்க வேண்டும். ஆனால் பட்டினி கிடந்து மிரட்டுகிறாரா என்றுதான் முதலில் தோன்றியது.

எழுந்து கதவுக்கு முன்னால் நின்றாள். “நாளைக்கு நான் பதில் சொல்லணும். என்கூட வர்றீங்களா?” குரல் கரகரவென்று பாதிதான் வந்தது.

“ம்.”

மனசு ஒரு கணம் குதித்தது. ஆனால் புகார் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவளுடையது. அந்த ‘ம்’மின் நீளத்தை அது பிடித்துக்கொண்டது. நேற்று மேலாளருக்கு வந்த அதே ‘ம்’. அக்காவுக்கு வந்த அதே ‘ம்’. ஏற்றமில்லை, இறக்கமில்லை. இறக்கமெல்லாம் அவளே போட்டுக் கேட்டுக்கொண்டது.

“இல்ல, நான் மட்டும் போகட்டுமா?”

“ம்.”

உடம்பு சில்லிட்டது. அதற்கு மேலேயே கோபம் ஏறியது. “நேத்து நான் சொன்னது ஒண்ணாவது காதுல விழுந்துச்சா? உள்ளதான் இருக்கீங்களா? இல்ல செத்துத் தொலைஞ்சுட்டீங்களா?”

“ம்.”

தெருவில் வண்டிச் சத்தம் நின்றிருந்தது. அவள் மூச்சு மட்டும் கேட்டது. அதற்கு அந்தப் பக்கம், தோல் முறுகும் சத்தம். மெதுவாக. மறுபடியும்.

தொட மாட்டேன் என்ற கதவைத் தள்ளினாள். அது பூட்டியிருக்கவே இல்லை.

அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். உயிரோடுதான் இருந்தார். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, பித்தளை வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வெடித்து, ரத்தம் காய்ந்து, ஓரத்தில் வெள்ளை படிந்த உதடுகள். சத்தம் இல்லை. துளிகூட இல்லை. அசைவு மட்டும். ஒவ்வொரு அசைவுக்கும் துருத்தி கொஞ்சம் உப்பியது.

அவளைப் பார்த்தார். அவர் கண்கள் நிரம்பி வழிந்தன.

அந்த உதடுகளை அவள் படித்துவிட்டாள். ஒரே சொல்தான். திரும்பத் திரும்ப ஒரே சொல். மேல் பல் கீழுதட்டில் படுகிறது, வாய் திறக்கிறது, நாக்கு மேலே போகிறது.

வர்றேன். வர்றேன். வர்றேன்.

எத்தனை தடவை சொல்லியிருப்பார்? அவள் கேட்ட ஒவ்வொரு முறையுமா? துருத்தி வயிறு மாதிரி புடைத்திருந்தது. முதல் நாள் அவர் மேசையில் வைத்தபோது சுருங்கிக் கிடந்த தோல் இப்போது பளபளத்தது.

அவர் ஒரு கையைப் பெட்டியிலிருந்து பிய்த்தெடுத்தார். பிசினிலிருந்து எடுப்பது போல அது ஒட்டி ஒட்டி வந்தது. ஆள்காட்டி விரலைத் தன் உதட்டின் மேல் வைத்தார். பேசாதே.

அது எச்சரிக்கை என்று அவளுக்குப் புரிந்தது. புரியாமல் இல்லை. ஆனால் புரிவதற்கு முன்பே கோபம் வந்துவிட்டது, எப்போதும் போல. இத்தனை வருஷம் வாய் திறக்காமல் என்னைக் கொன்றுவிட்டு, என்னையா வாயை மூடச் சொல்கிறாய்?

வாயைத் திறந்தாள். நரம்பு புடைக்க, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

எதுவும் கேட்கவில்லை.

மறுபடி கத்தினாள். அவர் பெயரைச் சொல்லி. அம்மா என்று. வெயில் விழுந்த அந்த அறையில், மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு வாய்கள் திறந்து திறந்து மூடின. நடுவில் தோல் மெல்ல மெல்ல உப்பியது.

“ம்” என்றது பெட்டி.