நாலு சக்கரமும் நாலு தட்டும்

2001 அக்டோபர் 26. விஜயதசமி. காலை 7.10.

யாசின் தன் ஒர்க்‌ஷாப் பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினான். பக்கத்தில் நின்றிருந்த பீம்ராவ் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அய்யய்யோ!" என்று தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

பீம்ராவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மரக்கட்டைகள் மேல் நின்றது. நாலு சக்கரங்களில் ஒன்றுகூட இல்லை. பூட்டு உடையவில்லை, ஷட்டர் வளையவில்லை. சாவியோ யாசினிடம் மட்டும்தான் இருந்தது.

காலை 8.05.

சப்-இன்ஸ்பெக்டர் செங்கொடி டோல்கேட் சந்துக்குள் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் ஏட்டு அப்பாவு கேஸையே முடித்து வைத்திருந்தார். அவருக்குத் துப்பறிவது பிடிக்காது. கேஸ் முடிந்தால் மட்டும் பிடிக்கும்.

"சிம்பிள் மேடம். நேத்து ஆயுத பூஜை. சந்துல ஏழு பட்டறை கீது. ஆறு பட்டறையில சாமானெல்லாம் சந்தனம், குங்குமம் வெச்சு சாமி முன்னாடி கீது. மறுபூஜை ஆவுற வரைக்கும் ஒருத்தனும் ஸ்பானரைத் தொட மாட்டான். ஸ்பானர் இல்லாம நட்டு கழலுமா? சாமான் சும்மா கெடந்தது யாசின் கடையில மட்டும். சாவியும் அவன்கிட்ட. அப்பால இன்னா?"

"அப்பால டயர் எங்க ஏட்டு?"

"கேக்கற மாதிரி கேட்டா சொல்லிட்டுப் போறான்."

செங்கொடிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைவிட எரிச்சல், அப்பாவு நீட்டிய புகார்க் காகிதம். 'என் நண்பர் யாசின் மீது சந்தேகம்' என்று எழுதி, கீழே பீம்ராவே கையெழுத்துப் போட்டிருந்தான். இன்ஸ்பெக்டரும் போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: மாலை ஐந்து மணிக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் யாசின் ரிமாண்ட். செங்கொடிக்கு இருந்தது ஒன்பது மணி நேரம்கூட இல்லை.

அவர் ஷெட்டுக்குள் நடந்தார். மூன்று பக்கம் செங்கல் சுவர். நாலாவது பக்கம், அடுத்த கடையான கோதண்டம் லேத் பட்டறைக்கும் இதற்கும் நடுவே, வெறும் தகரத் தடுப்பு. தரையில் பதினாறு நட்டுகள் சிதறிக் கிடந்தன. ஒன்றைப் பொறுக்கித் திருப்பிப் பார்த்தார். விளிம்பு மூலையில் மஞ்சளாய் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"கிரீஸ் மேடம்," என்றார் அப்பாவு.

செங்கொடி முகர்ந்து பார்த்தார். நட்டைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

காலை 9.20.

பீம்ராவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், வீடு வியாசர்பாடி. 1974 மாடல் இரண்டு சீட் காரை ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. கார் கிடைத்துவிட்டது, அதற்கு டயர் கிடைக்கவில்லை.

"ஏழு மாசம் மேடம்! ஒரிஜினல் சைசு இந்த ஊர்லயே இல்ல. வெளிநாட்டு டயர் ஒண்ணு ஏழாயிரம்னான். புதுப்பேட்டையில செகண்ட்ஸ் பார்த்தேன், சல்லிசா கெடச்சுது. யாசின் நகத்தால கீறிப் பார்த்துட்டு, 'ரப்பர் கல்லாப் போயிருக்கு மாமு, மழையில வழுக்கிக்கினு போயிடுவே'ன்னு தூக்கி வெளிய போட்டான். பேஜாராப் போச்சு."

"கடைசியில எது வாங்கினீங்க?"

"சாதாரண காருக்குப் போடற பதிமூணு இஞ்சு டயர், புதுசு. ஒண்ணு ஆயிரத்து தொள்ளாயிரம். அந்தக் காரோட ரிம்மும் நாலு. மாட்டிட்டு ஸ்டியரிங்க திருப்புனா, டயரு உள்பக்கம் ராடுல ஒரசுது! அழுவையே வந்துடுச்சு மேடம். யாசின்தான் ஸ்பேசர் வெச்சா சரியாப் பூடும்னான்."

ஸ்பேசர் என்பது வேறொன்றுமில்லை. அச்சின் முனையில் இருக்கிற ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கிற கனத்த உலோகத் தட்டு. சக்கரத்தை இரண்டு சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிறுத்தும். யாசின் அளவு எடுத்துக்கொடுக்க, பக்கத்துப் பட்டறை கோதண்டம் நாலு தட்டு கடைந்தான். யாசின் ஹப்பில் நீள போல்ட்டுகளை மாற்றி, தட்டைச் செருகி, மேலே சக்கரத்தை மாட்டினான்.

"வண்டிக்குப் பூஜை போட்டீங்களா?"

"எங்க வூட்ல பூஜை ஏது மேடம்? நாங்க பௌத்தம். யாசினும் போட மாட்டான். வண்டியில ஒரு பொட்டுகூட கெடையாது."

"இன்னிக்குக் காலங்காத்தால ஏன் வந்தீங்க?"

"தட்டைக் கழட்டி எடுத்துக்கினு போவத்தான். ஹார்பர்ல கிரேன் கொக்கியில விரிசல் பார்க்கிற செகப்பு மை கீது. பூசித் தொடச்சா தலைமுடி அளவு விரிசல்கூட செகப்பாத் தெரியும். எங்க ஃபோர்மேன் பார்த்துத் தரேன்னாரு. புதன்கிழமையே சந்து பூரா சொல்லிக்கினு இருந்தேனே."

"யாசின் பேரை நீங்களாவா எழுதினீங்க?"

பீம்ராவ் தரையைப் பார்த்தான். "ஏட்டு சொன்னாரு. சாவி அவன்கிட்டதான கீது..."

காலை 11.00.

டயர் விற்ற சுயம்புவின் கடை மெயின் ரோட்டில். அவன் செங்கொடியைப் பார்த்ததுமே கத்த ஆரம்பித்தான்.

"அந்த ஆளா? நாலு டயர் விக்கறதுக்குள்ள என் உயிரை வாங்கிட்டான் மேடம்! பத்து தபா வந்து பேரம் பேசினான். நான் இன்னாத்துக்கு அதைத் திருடணும்? மறுபடி அவன்கிட்டயே விக்கவா?"

"திருடுற ஆளு எப்படிக் கழட்டுவான்?"

"நட்டைக் கழட்டுவான், ரிம்மோட இழுப்பான், ஓடுவான். ஒரு சக்கரத்துக்கு ரெண்டு நிமிஷம்."

"ஸ்பேசர்?"

"அது ஹப்புல இறுக்கமா குந்திக்கினு இருக்கும். சுத்தியால தட்டித் தட்டித்தான் எடுக்கணும். வேற எந்த வண்டிக்கும் ஆவாது. பழைய இரும்புக்காரன்கூட மூஞ்சைத் திருப்பிப்பான்."

செங்கொடி ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, ஷெட்டில் பார்த்ததை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். ஹப்புகள் நாலும் மொட்டையாக நின்றன. தட்டு ஒன்றுகூட இல்லை.

பகல் 12.30.

கோதண்டத்தின் பட்டறையில் லேத்துக்கு மாலை போட்டிருந்தது. பலகையில் வரிசையாகச் சுத்தி, அரம், ஸ்பானர்கள். எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு.

"மறுபூஜை ஆச்சா?"

"சாயங்காலம்தான் மேடம். அதுவரைக்கும் விரல் படாது."

"தட்டு எதுல கடைஞ்சீங்க?"

"முழு அலுமினிய உருளையில. யாசின் பாய் அதான் கேட்டாரு, அதுக்குத்தான் துட்டும் குடுத்தாரு."

செங்கொடி பலகையைக் குனிந்து பார்த்தார். கோதண்டத்தின் மினி வேனுக்கான வீல் ஸ்பானர் அதில் கிடந்தது.

பகல் 1.15.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாசின், ஜும்மா தொழுகைக்கு நேரமாகிறது என்று இரண்டு முறை கேட்டான். அப்பாவு விடவில்லை. திரும்பி வந்த செங்கொடியிடம் அவன் கேட்டது ஒன்றுதான்.

"மேடம், பீம்ராவ் நெஜமாவே என் பேரை எழுதினானா?"

ஆமாம் என்று சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சொன்னார்.

மாலை 3.40.

எல்லோரும் கோதண்டத்தின் பட்டறையில் நின்றார்கள். யாசினை அப்பாவு தோளைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். முதலில் அந்தக் கையை எடுக்கச் சொன்னார் செங்கொடி.

"ஏட்டு, நீங்க கிரீஸ்னு சொன்ன மஞ்சளை மோந்து பாருங்க."

அப்பாவு காகிதத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. "சந்தனம்."

"வண்டிக்காரர் பௌத்தம், மெக்கானிக் முஸ்லிம். அந்த ஷெட்டுல சந்தனம் எங்கிருந்து வரும்? பூஜையில வெச்ச ஸ்பானரோட வாயில இருந்துதான் வரும். யாரும் தொட மாட்டாங்கன்னு நீங்க சொன்ன ஆறு பட்டறையில ஒருத்தன் தொட்டிருக்கான்."

"யாசினே எவன் கடையிலயாவது எடுத்திருந்தா?"

"தன் கடை நிறைய ஸ்பானரை வெச்சுக்கிட்டு, பூட்டின கடைக்குள்ள பூந்து ஒரு ஸ்பானர் எடுப்பானா? யோசிங்க ஏட்டு!"

செங்கொடி கோதண்டத்தின் பக்கம் திரும்பினார்.

"ஆறு பட்டறையில எதுன்னு தட்டுதான் சொல்லுது. டயர் திருடன் டயரை எடுத்துட்டு ஓடியிருப்பான். இவன் நின்னு நிதானமா, யாருக்கும் ஆகாத நாலு தட்டையும் தட்டிக் கழட்டியிருக்கான். ஏன்னா அவனுக்கு வேண்டியது தட்டுதான். டயரை எடுத்தது நம்ம கண்ணைக் கட்ட. இன்னிக்கு அந்தத் தட்டுக்குச் செகப்பு மை டெஸ்ட். அதுக்கு யார் பயப்படணும்? தட்டைச் செஞ்சவன்தான் பயப்படணும்."

அவர் பலகையிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துத் திருப்பினார். கைப்பிடியில் பொட்டு அப்படியே இருந்தது. வாய்க்குள் சந்தனம் வழித்தெடுத்த மாதிரி போயிருந்தது. மிச்சத்தில் கறுப்பு மசகு ஏறியிருந்தது.

"தடுப்புத் தகரத்தோட திருகு உங்க பக்கம்தான் இருக்கு கோதண்டம். கழட்டி, திரும்ப மாட்டிட்டீங்க. அதான் பூட்டு உடையல. தட்டை லேத்துல போட்டு இழைச்சுப் பொடியாக்கியிருப்பீங்க. ஆனா ஆயுத பூஜை அன்னிக்கு லேத் ஓடுற சத்தம் கேட்டா சந்தே எட்டிப் பார்க்கும். அதனால அது இங்கதான் இருக்கு."

அப்பாவு மூலையிலிருந்த, லேத்தில் விழுந்த உலோகச் சீவல் மூட்டைகளைக் கவிழ்த்தார். மூன்றாவது மூட்டையிலிருந்து தட்டுகள் உருண்டன. டயர்கள் பரண்மேல் சாக்குக்குள் இருந்தன.

கோதண்டத்துக்கு அழுகை வந்துவிட்டது. "உருளை வாங்கக் குடுத்த துட்டு செலவாயிடுச்சு மேடம். பழைய அலுமினிய உடைசலை உருக்கி வார்த்துக் கடைஞ்சுட்டேன். மேல நல்லாத்தான் இருந்துச்சு. டெஸ்ட்டுல மாட்டிப்பேன்னுதான் எடுத்தேன். தட்டை மட்டும் எடுத்தா என்னையத்தான கேப்பாங்க?"

"அதுக்கு யாசினை மாட்டி விட்டியா?"

"அவரைச் சொல்லுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல மேடம்!"

மாலை 4.45.

ஹார்பரிலிருந்து வரவழைத்த ஃபோர்மேன், ஸ்டேஷன் மேசையில் தட்டுகளுக்கு மை பூசித் துடைத்தார். மூன்று தட்டுகளில் ஊசிக் குத்தாய்ச் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. நாலாவதில், ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டை வரை சிவப்புக் கோடு ஓடியது.

"எண்ணூர் ரோட்டுல எம்பதுல போனா இது பிளந்துடும். சக்கரம் தனியாப் போயிருக்கும்," என்றார் ஃபோர்மேன்.

பீம்ராவ் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாசலுக்கு ஓடினான். யாசின் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தான்.

"யாசினு, தப்புதான் நைனா. ஏட்டு சொன்னாரு, புத்தி கெட்டுப் போய் எழுதிட்டேன். அடிச்சாகூட வாங்கிக்கறேன்."

"இன்னாத்துக்கு அடிக்கணும்? ஏழு மாசம் உன்கூட கடை கடையா ஏறி எறங்குனேன். சல்லிசா கீதேன்னு நீ கையில எடுத்த டயரையெல்லாம், நீ சாவக் கூடாதுன்னு பிடுங்கிப் போட்டேன். நாலு டயருக்கு ஆசப்படறவன் அதைப் பண்ணுவானா? ஒரு நிமிசம் அதை நெனச்சியா நீ?" யாசின் அடுத்த செருப்பைக் காலில் நுழைத்தான். "என்கிட்ட பேசாத. கடைக்கும் வராத."

அவன் படியிறங்கி ரோட்டுக்குப் போனான். பத்தடி தூரம் போனவன் நின்றான். திரும்பவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டே கத்தினான்.

"முழு உருளைய அறுத்துத்தான் தட்டு கடையணும்! வார்ப்பைத் தலையில கட்டப் பார்ப்பானுங்க, வாங்காத! சக்கரத்த எவன்கிட்ட வேணா குடுத்து மாட்டிக்க. ஆனா நான் வந்து நட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி வண்டிய எடுத்தே, கால ஒடிச்சுடுவேன்!"

சொல்லிவிட்டு அவன் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டான். பீம்ராவ் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதான்.