விரித்த கை

பதினாறு கிரேன் ஆபரேட்டர்களின் கைகளை ஜெனோவா பதினோரு நாட்கள் அளந்தாள். ஒருவருக்கு முதலில் சுழல் என்ற விளையாட்டுப் பெட்டி, பிறகு தாவி என்ற இன்னொன்று. அடுத்தவருக்கு முதலில் தாவி, பிறகு சுழல். கப்பலிலிருந்து ஒரு கன்டெய்னரை எடுத்துக் கரையில் வைக்க எத்தனை நொடி, இடம் எவ்வளவு தள்ளிப்போகிறது, ஒரு மணி நேரம் கழித்துத் தோள் எவ்வளவு சோர்கிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். விளையாட்டுப் பெட்டிகளை ஒப்பிட்டு எழுதுவதுதான் பதினைந்து வருஷமாக அவள் பிழைப்பு. இந்த முறை மட்டும் திரையில் பறக்கும் ராட்சசப் பல்லிக்குப் பதிலாக நிஜ இரும்பு அந்தரத்தில் தொங்கியது.

தூத்துக்குடிக்குத் தெற்கே புதிதாக எழும்பிய முத்தலைத்துறைத் துறைமுகத்தில் கிரேன் உச்சிக்கு யாரும் ஏறுவதில்லை. ஆபரேட்டர்கள் கரையில் குளிரூட்டிய அறையில், திரைக்கு முன்னால் நின்று வெறுங்கையை அசைப்பார்கள். அங்கே கன்டெய்னர் அசையும். இதற்கென்று நிர்வாகம் தனிக் கருவி எதுவும் செய்யவில்லை. வேலைக்கு வருகிற இளைஞர்கள் எல்லோரும் ஆறு வயதிலிருந்தே விளையாட்டுப் பெட்டியில் கை பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் பயிற்சி தேவையில்லை.

பெட்டிகள் இரண்டே இரண்டு. சுழல் மணிக்கட்டில் கட்டும் பட்டை வழியாகத் தசைக்குள் ஓடும் துடிப்பைப் படித்தது. தாவி சுவரில் பதித்த மூன்று கண்களால் உடம்பைப் பார்த்தது. முதலில் சந்தைக்கு வந்த சுழல் கம்பெனி, உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டினால் 'நில்' என்ற சைகைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. மனிதன் காலங்காலமாகக் காட்டி வந்த கைக்கு யாராவது உரிமை கொண்டாட முடியுமா என்று வழக்கு நடந்தது. முடியும் என்று தீர்ப்பு வந்தது. தாவி வேறு வழியில்லாமல் மூடிய முஷ்டியை 'நில்' ஆக்கிக்கொண்டது. விரித்த உள்ளங்கை சும்மா கிடப்பானேன் என்று அதை 'இறக்கு' என்பதற்கு வைத்துக்கொண்டது. அதன் பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது. சுழல் வீட்டுப் பிள்ளைகள் உள்ளங்கை காட்டி ஆட்டோவை நிறுத்தினார்கள். தாவி வீட்டுப் பிள்ளைகள் முஷ்டியைத் தூக்கினார்கள். ஆட்டோக்காரர்கள் இரண்டுக்கும் நின்றார்கள்.

ஜெனோவாவுக்கு இரண்டும் கைவந்தது. சின்ன வயதிலிருந்தே இரண்டிலும் ஆடியவள்.

துறைமுகத்தில் அதுவரை சுழல்தான் இருந்தது. ஜெனோவாவின் அறிக்கை தாவியை முன்னால் வைத்தது. வேகம் கூடுதல், பிழை குறைவு. அதோடு தாவியிடம் ஆழ்பதிவு இருந்தது. பிடரியில் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டு பத்து அமர்வு பழகினால் போதும். சரியான சைகை செய்யும்போதெல்லாம் வில்லை மூளைக்கு ஒரு சிறு துடிப்பைத் தரும். பத்தாவது அமர்வில், யோசிக்காமலே கை போகும். சுழலில் வளர்ந்த ஆபரேட்டர்கள்கூட இரண்டு வாரத்தில் தாவிக்காரர்களாகிவிடலாம் என்று எழுதினாள். உதாரணமாகத் திரவியத்தின் எண்களைக் கொடுத்தாள். இருபத்தொன்பது வயது, சுழலில் வளர்ந்தவன், பதினாறு பேரில் அவன்தான் முதல்.

"ரெண்டுலயும் நீங்கதான் முதல், தம்பி" என்றாள் கடைசி நாளன்று.

"எனக்கென்ன மேடம், எதைக் குடுத்தாலும் ஆடுவேன்" என்று அவன் சிரித்தான்.

துறைமுகம் தாவிக்கு மாறி ஏழு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு விபத்து நடந்தது.

மாசிலாமணி என்பவர் கன்டெய்னர் மூலைகளில் பூட்டுக் கழற்றும் தொழிலாளி. விலகிப் போனவர், விட்டுவிட்ட கம்பியை எடுக்கத் திரும்பவும் கிரேனுக்கு அடியில் வந்தார். மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கன்டெய்னர் பெட்டி அவர் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் இருந்தது. ஆள் நடமாட்டத்தைக் கண்டால் கிரேனை நிறுத்தும் காவலுணரி, கடைசி மூன்று மீட்டரில் அணைந்துவிடும். இல்லையென்றால் எந்தப் பெட்டியையும் எங்கேயும் வைக்க முடியாது. அந்த மூன்று மீட்டரில் ஆபரேட்டரின் கையை மட்டும் நம்பியிருந்தார்கள்.

திரவியம் திரையில் அவரைப் பார்த்தான். அவன் வலது கை பாய்ந்து முன்னால் நீண்டது. விரல்கள் ஐந்தும் விரிந்தன. தாவி அதை 'இறக்கு' என்று படித்து, தாமதமில்லாமல் பணிந்தது.

விசாரணைக்கு ஜெனோவாவை அழைத்தார்கள். ஆபரேட்டர் அறையின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு தடவை பார்த்ததுமே அவளுக்குப் புரிந்தது.

"அவர் நிறுத்தச் சொல்றார்" என்றாள். "பாருங்க, அது சுழல் கை. ஆறு வயசுல பழகுன கை. ஆழ்பதிவு அதை மூடி மட்டும்தான் வச்சிருக்கு. பயத்துல மூடி தெறிச்சிருச்சு."

"உங்க அறிக்கையில இதைச் சொல்லலியே மேடம்?" என்றார் தலைமைப் பொறியாளர் சங்கரவேல்.

"நான் பயத்தை அளக்கல சார்" என்றாள் ஜெனோவா.

குழுவில் இருந்தவர்கள் நடுவயதுக்காரர்கள், சுழலுக்கும் முந்தியவர்கள். பதிவில் ஒரு மனிதன் பதறிப்போய் 'நில் நில்' என்று கை நீட்டுவது அவர்கள் கண்ணுக்கும் தெரிந்தது. பழக்கப் பிழை என்று எழுதி, திரவியத்தின் மேல் குற்றமில்லை என்று முடித்தார்கள். உத்தரவின் பிரதியையும் பதிவின் பிரதியையும் அவனிடம் கொடுத்தார்கள். பதினாறு பேரையும் வேலையிலிருந்து தள்ளி வைத்தார்கள்.

தாவி கம்பெனி சும்மா இருக்கவில்லை. மூன்றே மாதத்தில் வேரகற்றல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதே வில்லை, அதே பத்து அமர்வு. ஆனால் இது புதியதைப் பதிப்பதற்கு முன்னால் பழையதைத் தேடித் தேய்த்து அழித்துவிடும். சோதித்துச் சொல்ல மறுபடியும் ஜெனோவாவைத்தான் கேட்டார்கள்.

இந்த முறை அவள் பயத்தை அளந்தாள். திரையில் பெட்டிக்கு அடியில் திடீரென்று ஒரு ஆளைப் பாய விட்டாள். வேரகற்றலுக்கு முன்னால் பதினாறில் ஏழு பேர் கையை விரித்தார்கள். பிறகு ஒருவர்கூட விரிக்கவில்லை. இருநூறு தடவை பாய விட்டும் இருநூறு முறையும் முஷ்டிதான். தன் உடம்பில் போட்டுப் பார்க்காத எதைப் பற்றியும் எழுதுவதில்லை என்று அவளுக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. வில்லையைத் தன் பிடரியிலும் ஒட்டிக்கொண்டாள். மூன்று அமர்வோடு நிறுத்திக்கொண்டாள். ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. மூன்றாவது அமர்வு முடிந்த மாலை, கடைத்தெருவில் ஒரு பெரியவர் உள்ளங்கை காட்டிப் பஸ்ஸை நிறுத்துவதைப் பார்த்தாள். அவர் என்ன செய்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது.

கையெழுத்துப் போடாமல் ஒரு வாரம் தள்ளினாள். திரவியம் அவள் வீட்டுக்கே வந்துவிட்டான். இளைத்திருந்தான்.

"யக்கா, போட்டுருங்க" என்றான். மேடம் எப்போதோ அக்காவாகியிருந்தது. "பதினாறு குடும்பம் நிக்குது."

"எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு திரவியம். எனக்குத்தான் மனசு ஒப்பல. உள்ள இருக்கிறதை அழிக்கிறது சின்ன விஷயமா?"

"எனக்கு அது வேணாம்க்கா." தன் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். "பிள்ளையத் தூக்கப் பயமா இருக்கு. இந்தக் கை எப்ப என்ன செய்யும்னு தெரியல. மாசிலாமணி அண்ணனைக் கொன்னது இதுக்குள்ள கெடக்குற சனியன்தான? அதைப் பிடுங்கிப் போட்டுருதோம்னு சொல்லுதாவ. பிடுங்கட்டும்."

மறுநாள் ஜெனோவா கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு முத்தலைத்துறையில் கிரேன்களால் ஒரு கீறல்கூட யாருக்கும் விழவில்லை. லாரி டிரைவர்களுக்கும், அறுவை அரங்கு உதவியாளர்களுக்கும் வேரகற்றல் கட்டாயம் என்று ஆணை வந்தது. போலீசும் சேர்ந்துகொண்டது. சுழல் கம்பெனி போட்டியாகத் தன்னுடைய வேரகற்றலை அறிவித்தது. இரண்டில் எது மேல் என்று ஒப்பிட்டு எழுதச் சொல்லிப் பத்திரிகைகள் ஜெனோவாவை மொய்த்தன.

இன்ஸ்பெக்டர் செய்யது பாத்திமாவிடமிருந்து போன் வந்தபோது அவள் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

"திரவியம்னு ஒருத்தர் வந்து சரணடைஞ்சிருக்கார் மேடம். மாசிலாமணிய வேணும்னேதான் கொன்னேன்னு சொல்றார். உங்க பேரைச் சொன்னார். கொஞ்சம் வர முடியுமா?"

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் திரவியத்தின் மனைவி செல்வராணி உட்கார்ந்திருந்தாள். ஜெனோவாவைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு நாளா அந்தப் படத்தையே போட்டுப் போட்டுப் பாத்தாவக்கா. சோறு தண்ணி இல்ல. நேத்து என்னைக் கூப்பிட்டு, நான் கொலைகாரன் ராணின்னு சொல்லுதாவ. நீங்க சொன்னா கேப்பாவ. சொல்லுங்கக்கா."

உள்ளே திரவியம் நிதானமாக இருந்தான். அந்த நிதானம்தான் அவளைப் பயமுறுத்தியது.

"பழக்கப் பிழைன்னு நீங்கதான சொன்னீய? நானும் நம்பினேன்க்கா" என்றான். "வேரை எடுத்தப்புறம் ஒருநாள் அந்தப் பதிவை எடுத்துப் பாத்தேன். அந்த ஆளு பதறவே இல்ல. கையை விரிச்சு, இறக்குன்னு சொல்லுதான். தெளிவாச் சொல்லுதான். அது நான்தான?"

"அது சுழல் கை, திரவியம். நில்லுன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். எழுத்துல எழுதிக் குடுத்தா வாசிப்பேன். ஆனா பாத்தா அப்படித் தெரியலியே! உங்களுக்கு ஒண்ணு தெரியாது. அதுக்கு மொத வாரம் எனக்கும் மாசிலாமணி அண்ணனுக்கும் சங்கத் தேர்தல்ல பெரிய சண்டை. நீ செத்துத் தொலையேன்னு வாயால சொன்னேன். அப்பறம் அவரு தலைக்கு மேல பெட்டி, என் கை இறக்குன்னு சொல்லுது. வேற என்னத்தச் சொல்ல?"

கை மறந்ததைக் கண்ணும் சேர்ந்து மறந்துவிடும் என்பதை ஜெனோவா சோதித்திருக்கவில்லை. ஒரு சைகையைச் செய்வதும், பிறர் செய்தால் புரிந்துகொள்வதும் மூளைக்குள் ஒரே வேரில்தான் நிற்கின்றன. வேரை எடுத்தபோது இரண்டும் சேர்ந்தே போயிருந்தன.

இன்ஸ்பெக்டர் பதிவை மேசைத் திரையில் ஓட விட்டாள். முப்பது வயதுதான் இருக்கும். தாவியிலேயே வளர்ந்தவள். போன மாதம் வேரகற்றலும் முடித்திருந்தாள். பக்கத்தில் நின்ற ஏட்டும், அறிக்கை எழுதும் பையனும் எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கும் இறக்குன்னுதான் தெரியுது மேடம்" என்றாள் இன்ஸ்பெக்டர். "ஏட்டையாவுக்கும் அதே. நாளைக்குக் கோர்ட்ல பாக்கப்போற மாஜிஸ்ட்ரேட்டும் வேரகற்றல் முடிச்சவர். உங்களுக்குத்தான் ரெண்டும் தெரியும்ங்கிறாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க."

திரையில் திரவியத்தின் முகம் வெளிறியது. கை நீண்டது. விரல்கள் விரிந்தன.

"நில்லுங்குறார்" என்றாள் ஜெனோவா. குரல் கொஞ்சம் ஓங்கியே வந்தது. "கெஞ்சுறார் மேடம். தெரியலையா உங்களுக்கு?"

"அப்படின்னா அதையே எழுதிக் குடுத்திருங்க. எந்த நொடியில கை விரியுதுன்னும் குறிச்சிருங்க."

நொடியைக் குறிக்க வேண்டுமென்று ஜெனோவா பதிவை மறுபடியும் ஓட விட்டாள். கை நீண்டது. விரல்கள் விரிந்தன. இந்த முறை திரையில் வேறொரு ஆள் நின்றான். அவசரமில்லாமல், கை நடுங்காமல், கீழே நிற்பவனைப் பார்த்துக்கொண்டே பெட்டியை இறக்கச் சொன்னான்.

அவள் கண்ணை மூடித் திறந்து பின்னால் தள்ளி மறுபடியும் ஓட்டினாள். 'நில்' தெரிந்தது. இன்னொரு முறை ஓட்டினாள். 'இறக்கு' தெரிந்தது. அடுத்த முறையும் அதுதான். மூன்று அமர்வோடு நிறுத்தியதால் தப்பித்ததாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க மிச்சமும் தேய்ந்துகொண்டிருந்தது.

திரையை அணைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். கண் சொல்வதைக் கேட்காமல், தனக்குத் தெரிந்ததை வேகமாக எழுத ஆரம்பித்தாள். 'பதிவில் காணப்படும் சைகை சுழல் முறையைச் சேர்ந்தது. அதன் பொருள்...'

"பாத்துத்தானே எழுதுறீங்க?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"ஆமா" என்று எழுதிக்கொண்டே சொன்னாள் ஜெனோவா. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அவள் சொன்ன முதல் பொய் அது.

திரவியம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கும் அப்படித்தான தெரியுது?" என்றான். "எனக்காகப் பொய் எழுதாதீயக்கா."

அவன் வலது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி, மூடிய முஷ்டியை அவள் முன்னால் காட்டினான்.

ஜெனோவா குனிந்து பார்த்தாள். பேனா பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. அதை நிறுத்த அவள் நினைக்கவே இல்லை.