ஒன்பதாம் பட்டை

லேப்டாப் திரையில் மற்ற பதினைந்து கோடுகளும் அசையாமல் கிடக்க, ஒன்பதாவது கோடு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு நொடிக்கு ஒரு முறை. ஏற்றம், சின்ன நிறுத்தம், இறக்கம்.

தேவயானி முதலில் தன் அச்சைத்தான் சந்தேகப்பட்டாள். வெங்காயத்தோல் போன்ற பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மையால் அவளே அச்சடித்த ஈரப்பத சென்சார்கள் அவை. காற்றில் ஈரம் கூடினால் கோடு ஏறும், குறைந்தால் இறங்கும். கம்பம் ஊரில் ஒரு வாழைக்காய் மண்டியில், காய்களைப் பழுக்கவைக்கும் அறையின் சுவர் நெடுக, ஆள் உயரத்தில், உள்ளங்கை அகலப் பட்டைகள் பதினாறை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிட்டிருந்தாள். பட்டை ஒட்டியபின் முதல் லோடு நாளைதான் வருகிறது. இன்று அறை காலி. மின்விசிறிகூட ஓடவில்லை.

கோடுகளைக் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டு அறைக்குள் போனாள். கனத்த கதவு பின்னால் சாத்திக்கொண்டதும் மண்டியின் கூச்சலும் லாரி ஹாரனும் அறுந்துபோயின. கழுவிய சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியும், என்றோ கனிந்து அழுகிய பழத்தின் புளித்த இனிப்பு வாடையும், அதற்கடியில் வெகுநேரம் திறக்காத வாயிலிருந்து வருவதுபோன்ற இன்னொரு வாடையும் அவள்மேல் மெல்லப் படிந்தன.

ஒன்பதாம் பட்டை கதவுக்கு எதிர்ச்சுவரில், மூலையில் தொங்கியது. பக்கத்தில் போய் நின்றாள். தன் மூச்சுதான் அதில் படுகிறதோ? சோதிக்க, வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

கோடு நின்றது.

அப்பாடா என்று கையை எடுக்கப் போனவள் அப்படியே உறைந்தாள். இதே கோடு ஏறி இறங்கியபோது அவள் வெளியே அல்லவா இருந்தாள்.

அவள் மூச்சை அடக்கியிருந்தாள். அதுவும் அடக்கியிருந்தது.

நெஞ்சு எரிந்தது. தாங்காமல் மூச்சை விட்டாள். அதே கணம் கோடு எழும்பியது. ஒன்பதாவது அல்ல. பத்தாவது. பிறகு பதினொன்று. கதவை நோக்கிப் போகிற வரிசை. அவளுக்கு முன்னால் போகிறது.

ஓடினாள்.

வெளியே மூன்று மணி வெயிலில் வீரணன் வாழைத்தார்களுக்கிடையே சாக்கு மடித்துக்கொண்டிருந்தார். பத்து வருடமாக அந்த அறையைக் கழுவுகிறவர்.

"என்னத்தா, மூஞ்சி இப்பிடி வெளிறிக் கெடக்கு?"

"அண்ணே, உள்ள யாரோ மூச்சு விடுறாக."

"யாரு இருக்கா அங்கன? காலையில நாந்தான கழுவிவிட்டேன்? தண்ணி காயுது, ஆவி எழும்புது. எந்தப் பட்டைன்னு சொல்லு, பிச்சுட்டு வாறேன்."

"ஒம்பதாவது. வேணாம்ண்ணே, போகாதீக. லோடே வேணாம்னு மொதலாளிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"அடப் போத்தா." சிரித்துக்கொண்டே போனார். அவருடைய சட்டையைப் பிடித்தாள். துணி கையிலிருந்து நழுவியது. கதவு சாத்திக்கொண்டது.

கதவில் காதை வைத்தாள். உள்ளே மங்கலாகச் செருப்புச் சத்தம். பட்டை உரியும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"அண்ணே?"

கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. மறுபக்கம் யாரோ பிடித்திருப்பதுபோல், இழுக்க இழுக்க விட்டுக்கொடுத்து, திரும்ப இறுகியது. கத்தினாள். மண்டியிலிருந்து ஆட்கள் ஓடிவரும் காலடிகள் கேட்டன. தூரத்தில். மிகத் தூரத்தில்.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் முகத்தை வைத்தாள்.

வீரணன் அறை நடுவே அவளைப் பார்த்து நின்றிருந்தார். உரித்த பட்டை அவர் வாயையும் மூக்கையும் மூடி, உதடுகளின் வடிவம் தெரிய உள்ளே குழிந்திருந்தது. கைகள் தொங்கின. பட்டையை எடுக்க அவை எழவில்லை. கண்கள் மட்டும் அவளைக் கெஞ்சின. அவருடைய நெஞ்சு அசையவில்லை.

அவரைச் சுற்றிச் சுவரெங்கும் மற்ற பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு வாயளவுக்கு, உப்பி அடங்கிக்கொண்டிருந்தன. நிதானமாக. வயிறு நிறைந்தவர்கள் தூங்குவதுபோல.