செவ்வாய்க்கிழமை ஆறிய சோறு

பெங் ருவோலானின் மேசையில் ஓயாங் இரண்டு ஹெட்போன்களை வைத்தார். தென் சீனாவின் தோங்குவான் நகரில் ஹெட்போன் பட்டறை நடத்துபவர்.

"ரெண்டும் என் பட்டறையிலதான் செஞ்சது அக்கா. ஒண்ணு போலி."

ருவோலான் இருபது வருடம் ஒலிச் சோதனைக்கூடத்தில் இருந்தவர். இப்போது பட்டறைகளின் திருட்டு, தகராறுகளை விசாரிப்பதுதான் பிழைப்பு. அவருக்குக் கார் ஓட்டும் லியாவ், யாரும் சொல்லாமலே ஹெட்போன்களை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தான்.

"இதுல தாளம் ஊசி மாதிரி குத்துது. அதுல ஈரத்துணியால அடிச்ச மாதிரி இருக்கு."

"உள்ள அதிருற தகடு வேற," என்றார் ருவோலான். "நல்லதுல இருக்குற பெரிலியம் உலோகம் லேசு, ஆனா விறைப்பு. முழுசா ஒண்ணா அசையும். பிளாஸ்டிக் வேகமா அதிர்ந்தா அங்கங்க நெளியும். மேல சாயம் பூசினா கண்ணு ஏமாறும், காது ஏமாறாது."

இருநூறு பெரிலியத் தகடுகள் போய், சாயம் பூசிய பிளாஸ்டிக் தகடுகள் வந்திருந்தன. திங்களன்று தகட்டுப் பெட்டியைக் கையெழுத்திட்டு வாங்கியவள், கொள்முதல் பார்க்கும் ஷென் யீ. இரவு முழுக்க அது அவள் அலமாரியில் இருந்தது. செவ்வாய் காலை ஒட்டுப் பிரிவுக்குக் கொடுத்தாள். மாலையில் ஹெட்போன்கள் வண்டி ஏறிவிட்டன. நாற்பது பேர் முன்னால் ஓயாங் அவளைத் திருடி என்று சொல்லியாகிவிட்டது. இன்று ஆறு மணிக்குப் போலீஸ் வரும்.

"அப்புறம் இந்த ஊர்ல எவன் அவளுக்கு வேலை குடுப்பான்?" என்றான் லியாவ்.

அவர்கள் பட்டறைக்குப் போனபோது மதியம். ஒட்டுப் பிரிவின் தலைவர் ரென் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பெரிலியத்தை நான் மட்டும்தான் தொடுவேன். அந்த இருநூறும் என் கையால ஒட்டினது."

"எப்படி ஒட்டுவீங்க வாத்தியாரே?" என்றார் ருவோலான்.

"சூட்டுல இறுகுற பசை. நூத்திருபது டிகிரி அடுப்புல ரெண்டு மணி நேரம். மட்டமான பிளாஸ்டிக்குன்னா வெளிச்சத்துல இறுகுற பசை, விளக்கடியில அரை நிமிஷம். உலோகத்துக்குள்ள வெளிச்சம் போகாதே."

சொல்லிவிட்டு, வழக்கம்போல நூடுல்ஸ் கடைக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும், பசை அடுப்பின் மேல் அடுக்கியிருந்த அட்டைகள் கீழே இறங்கின. தொழிலாளிப் பெண்களின் சோற்று டப்பாக்கள் மேலே ஏறின.

"மூடியக் கழட்டி வைடி. போன மாசம் என்னோட பிளாஸ்டிக் மூடி அப்பளமா சுருண்டுச்சு."

"கார்க்காரரே, திருடனைத் தேடுறீங்களா, பன்னிக்கறியத் தேடுறீங்களா?"

லியாவ் வெட்கப்படாமல் ஒரு துண்டை எடுத்துக்கொண்டான்.

"இன்னைக்கு வந்தீங்க, பொழச்சீங்க," என்றாள் டப்பாவுக்குச் சொந்தக்காரி. "செவ்வாய்க்கிழமை சோறு சில்லுனு கெடந்துச்சு. கொழுப்பு பல்லுல ஒட்டுச்சு."

ருவோலான் போலி ஹெட்போனைப் பிரித்து, தகட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். சாம்பல் சாயத்தின் வழியே வெயில் மங்கலாகத் தெரிந்தது.

இரண்டு மணிக்கு ஓயாங்கின் அறையில் ரென்னும் ஷென் யீயும் வந்து நின்றார்கள்.

"ஷென் யீ தகட்டை மாத்தியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது வாத்தியாரே," என்றார் ருவோலான். "பெரிலியம்னு நெனச்சு அடுப்புல வச்சிருப்பீங்க. பிளாஸ்டிக் சுருண்டிருக்கும். ஒண்ணுகூட சுருளல."

"அன்னைக்கு அடுப்புல சூடு கம்மியா இருந்திருக்கும்."

"அன்னைக்கு அடுப்பே போடல. வெளியில எல்லார் சோறும் ஆறிக் கெடந்திருக்கு. அடுப்பு இல்லாமலே உங்க பசை மட்டும் எப்படி இறுகுச்சு? விளக்குலதான். தகட்டுல வெளிச்சம் போகும்னு தெரிஞ்சவர்தான் விளக்கடியில வைப்பார். ஒட்டினது யாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

லியாவுக்குப் பொறுக்கவில்லை. "வெறும் அடுப்பையாவது போட்டு விட்டிருக்கலாமே?"

"அது மேல நாப்பது பேர் சோறு சூடாகுதுன்னு கடையில சாப்பிடுறவருக்கு யார் சொன்னா?" என்றார் ருவோலான்.

ரென் தரையைப் பார்த்தார். தகடுகள் மச்சான் பட்டறையில் இருக்கின்றன என்றார்.

ஓயாங் தொண்டையைச் செருமினார். "சரி ஷென் யீ. நீ போய் வேலையைப் பாரு."

அவள் நகரவில்லை.

"திருடின்னு நாப்பது பேர் முன்னாடி சொன்னீங்க முதலாளி. இந்த ரூம்ல அஞ்சு பேர்தான் இருக்கோம்."

ஓயாங் ருவோலானைப் பார்த்தார். ருவோலான் ஹெட்போனைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். ஓயாங் எழுந்து, கதவைத் திறந்து, இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார்.