மக்ரே வீட்டுக் கம்பி

வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் ஓடையில் மட்டும் வெள்ளம்... எங்கோ வடக்கே கொட்டிய மழை ஊர்ந்து ஊர்ந்து இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் மேற்குக் கோடியில் வெள்ளம் எப்போதும் அப்படித்தான் வரும்.

நெரிடா பிரேக்கை மிதித்தாள். சாலைக்குக் குறுக்கே ஒரு பிக்கப் வண்டி. அதில் சாய்ந்தபடி ஒருவன்... தொப்பி நிழலில் சாம்பல் நிறக் கண்கள்.

"வண்டியைக் கொஞ்சம் ஓரம்கட்டுறீங்களா?" என்றாள்.

"கட்டலாம்... ஆனா கட்ட மாட்டேன்."

திமிரைப் பார், என்று நினைத்துக்கொண்டாள். நீரில் நின்ற அளவுக் கம்பத்தைக் காட்டினாள். "அரை மீட்டர்தான் காட்டுது. எங்கப்பா இதைவிட ஆழத்துலயே ஓட்டியிருக்கார். பால்பல்லு விழுந்த காலத்துலேர்ந்து எனக்கு இந்த ஓடையைத் தெரியும்."

"ஓடைக்கு உங்களைத் தெரியணுமே."

சிரிக்க அவளுக்கு நேரமில்லை. பக்கத்து இருக்கையில் ஐஸ் பெட்டி, அதற்குள் இன்சுலின். அக்கரைப் பண்ணையில் அப்பா க்ளெம் தனியாக இருக்கிறார். ஜெனரேட்டர் நின்று, குளிர்பெட்டியில் இருந்த மருந்தெல்லாம் கெட்டுப்போய்விட்டது. ஹெலிகாப்டர் நாளைக்குத்தான் வருமாம். அப்பாவால் அதுவரை தாங்க முடியாது. காலையில் ரேடியோவில் பேசியபோதே அவருக்கு நாக்குக் குழறியது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் தன் வண்டியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தான். அதைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை அவள் கையில் கொடுத்தான்.

"ஆள் நடக்காத தண்ணியில வண்டி இறங்கக் கூடாது. நான் அக்கரை வரைக்கும் நடந்துட்டேன்னா நீங்க தாராளமா போங்க."

கணுக்கால்... முழங்கால்... கம்பத்தைத் தாண்டி இரண்டு அடி. அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. கயிறு உள்ளங்கையை அறுக்க, குதிகாலைச் சேற்றில் ஊன்றி இழுத்தாள். இருமிக்கொண்டே கரையேறினான்.

"கம்பம் நிக்குது... ரோடுதான் இல்ல. அடியோட அரிச்சுட்டுப் போயிருக்கு."

அந்தக் குழியில் தன் வண்டி, அதற்குள் தான், மடியில் மருந்து... ஆனாலும் நெரிடா நிமிர்ந்தாள். "மருந்து போயாகணும். வேற வழி சொல்லுங்க."

அவன் ஓடையின் வளைவைக் காட்டினான். இரு கரை மரங்களுக்கும் நடுவே, நீருக்கு மேல் ஒரு இரும்புக் கம்பி. அதில் கப்பியும் வாளியும். வெள்ளக் காலத்தில் மாவும் தபாலும் போய்வரப் பண்ணைக்காரர்கள் கட்டுவது.

"அது மக்ரே வீட்டுக் கம்பியாச்சே," என்றாள்.

"நான் ஹேமிஷ்... மக்ரே."

அவள் வீட்டில் வாயால் சொல்லக் கூடாத பெயர். ஒரு காளை வேலி தாண்டிய தகராறில், இனி மக்ரே வீட்டுத் துரும்பைக்கூடத் தொட மாட்டேன் என்று சபதம் போட்டவர் அப்பா. இந்த மகனைச் சின்ன வயதிலேயே வெளியூர் விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பார்த்ததே இல்லை.

நெரிடா ரேடியோவை எடுத்தாள். வட்டாரம் முழுக்கக் கேட்கும் ஒரே அலைவரிசை.

"அப்பா, கம்பிக்கிட்ட வாங்க. மருந்து வருது."

"அந்தக் கம்பியவா... செத்தாலும் தொட மாட்டேன்."

"சரிப்பா. அப்ப நான் வண்டியைத் தண்ணிக்குள்ள விடுறேன். ரோடு இல்லாத தண்ணி. கம்பியா, பொண்ணா... நீங்களே சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் அக்கரையில் ஒரு வண்டி வந்து நின்றது. க்ளெம் மரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஈரச் சட்டையோடு ஹேமிஷ் கயிறு இழுக்க, மருந்துப் பெட்டியோடு வாளி ஆடி ஆடிப் போனது. பெட்டியை அவர் மார்போடு அணைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் நெரிடா அழுதாள்.

மாலையில் வாளி திரும்பி வந்தது. உள்ளே மடித்து வைத்த காய்ந்த சட்டை ஒன்று. அப்பாவுடையது. ஹேமிஷ் அதைப் போட்டுக்கொண்டான்... தொளதொளவென்று, ஒரு ஆளை உள்ளே குடிவைக்கலாம்போல் இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

நீர் வடியும்வரை இருவரும் கரையிலேயே கிடந்தார்கள். தேநீர், தணலில் சுட்ட ரொட்டி, ஓயாத வாய்ச்சண்டை. அவளுடைய அறுபட்ட உள்ளங்கைக்கு அவன் தினமும் கட்டுப் போட்டான். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது.

நீர் வடிந்தது. ஹேமிஷ் முதலில் நடந்து பார்த்தான். குழியைச் சுற்றிக் கெட்டித் தரை இருந்த வழியில் குச்சிகள் நட்டுவிட்டுத் திரும்பினான்.

"குச்சியை ஒட்டியே மெதுவா போ," என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியில் ஏறிக்கொண்டான். கண்கள் மட்டும் ஏறவில்லை... அவளிடமே நின்றன.

இவன் சொல்ல மாட்டான். இரண்டு அப்பாக்களுக்கும் பயப்படுகிறான். நெரிடா ரேடியோவை எடுத்தாள்.

"ஹேமிஷ் மக்ரே... எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. ஊரே கேக்கட்டும், உங்கப்பாவும் கேக்கட்டும். உனக்கும் அப்படின்னா இப்பவே சொல்லு."

ரேடியோவில் தடுமாறிய குரல். "தண்ணிக்குள்ள போனப்பவே நினைச்சேன்... இந்தக் கை விடாதுன்னு. எனக்கும்தான் நெரிடா."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். க்ளெம்.

"ஏம்மா... அந்த மக்ரே பையன்கிட்ட சொல்லு. என் சட்டையைக் கம்பியில அனுப்ப வேணாம்... வீட்டுக்கு வந்து கையில கொடுக்கச் சொல்லு."