கதவில் கட்டியிருந்த நூல்

நூலை அழித்து முடித்துவிட்டு அக்கா அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டபோது, பின்னறைக் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது.

முன்பு சாத்தியிருந்தது. சத்தியமாகச் சாத்தியிருந்தது. காலையிலிருந்து அந்தக் கதவையே பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப் போயிருந்தது. கதவின் கைப்பிடியிலிருந்து கிளம்பி, நடையின் சுவரோரமாக ஓடி, திரையின் இடது விளிம்பில் மறைகிற ஒரு வெள்ளை நூல். காட்சியைத் துளித்துளியாக நிறுத்தி, பக்கத்துச் சுவரின் நிறத்தை எடுத்து நூலின் மேல் பூசி, அது இருந்த சுவடே தெரியாமல் ஆக்குவதுதான் அவள் வேலை. அவள் கை பட்டது நூலில் மட்டும். கதவை அவள் தொடவே இல்லை.

"எல்லாம் அவன் எடுத்த லட்சணம்" என்று பல்லைக் கடித்தாள்.

அவன் என்றால் தம்பி. பேய்ப்படம் எடுக்கிறவன். அக்காவுக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை. அதற்கு லீவு போட்டுவிட்டு, சம்பளம் என்ற பேச்சே இல்லாமல், தம்பியின் படத்தில் தெரிகிற நூல்களை எல்லாம் அழித்துக்கொண்டிருந்தாள். வெளியே கொளுத்துகிற மதியம். வீட்டுக்குள் நள்ளிரவு. ராத்திரியில் எடுத்தால் விளக்குக்கும் ஆளுக்கும் செலவு என்று எல்லாச் சன்னல்களிலும் கறுப்புத் தாள் ஒட்டி வைத்திருந்தான். ஒலிப்பதிவில் இரைச்சல் விழுமாம், அதனால் மின்விசிறியும் கூடாது. பசையின் புளித்த வாடையும், வேர்வையும், அம்மாவின் தையல் மிஷினில் இன்னும் காயாத எண்ணெயின் வாடையும் ஒன்றாகக் கலந்து, மூச்சு விடுவதே பழைய துணி மூட்டைக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது.

அவனுடைய முந்தைய படத்தில் இருந்ததெல்லாம் ஒரு குளியலறை, ஒரு குழாய், ஒரு வாளி. அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பாதி ஊர் குளிக்கப் பயந்தது. அன்றிலிருந்து அவனைப் பிடிக்க ஆளில்லை.

"பெரிய பங்களாவுல பேய் வந்தா நமக்கென்னக்கா? அது பணக்காரன் வீட்டுப் பிரச்சனை. நம்ம வீடு மாதிரியே ஒரு வீடு, நம்ம வீட்டு வாளி, அதுல வரணும். அப்பத்தான் வயித்தைப் பிசையும். காசு இல்லாததுதான்க்கா நம்ம பலம்" என்பான்.

பலம் அவனுக்கு. பாரம் அக்காவுக்கு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நடுவில் மீசையைத் துடைத்துவிட ஒரு அக்கா.

ஆனாலும் அவன் சொல்வது பொய்யில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் முட்டிக்கொண்டு இப்படிப்பட்ட படங்களாகத்தான் பார்த்தார்கள். தட்டு பறக்கும், நாற்காலி தானாக நகரும். பயத்தில் தம்பி அவள் கையைக் கடிக்காத குறை. அப்புறம் எங்கேயாவது வெளிச்சம் பட்டு மின்னும், உடனே இருவரும் "நூல் தெரியுது, நூல் தெரியுது!" என்று கத்திச் சிரிப்பார்கள். நூல் தெரிந்த பிறகு நிம்மதியாகத் தூங்கலாம். பெரிய படங்களில் அந்த நூலை மறைத்துவிடுவார்கள். பயம் மட்டும்தான் மிஞ்சும், சிரிப்புக்கு இடமில்லை. மட்டமான படத்தில் பயமும் இருக்கும், அதை இழுக்கிற நூலும் இருக்கும். அதற்காகத்தான் அவர்கள் பார்த்தார்கள். இன்றைக்கு அந்த நூலை அழிப்பதே அவள் பிழைப்பு.

இந்தப் படத்துக்கு அவன் பிடித்த கதைதான் அவளால் பொறுக்க முடியாதது. கடைசி வருஷத்தில் அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. விளக்கு வைக்கிற நேரமானால் தையல் நூலை நாலாக முறுக்கி, பின்னறைக் கதவின் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை நடைச் சன்னலின் கம்பியில் இழுத்து முடிவாள். உள்நோக்கித் திறக்கிற கதவு. ஏன் என்று கேட்டால் பதில் வராது. வயதானால் அப்படித்தான் என்றார் டாக்டர். தம்பி கேமரா சாமான் எடுக்கப் போகும்போதெல்லாம் அதை அறுத்துவிட்டுப் போவான். அம்மா அவனைத் திட்டவே மாட்டாள். மகளைத்தான் கூப்பிடுவாள்.

"அவன் அவுத்துவிடுவான்டி. நீ கட்டிடு."

கதவு மட்டுமா? அவன் போட்டு உடைத்ததை எல்லாம் ஒட்டியது, அவன் தொலைத்ததைத் தேடியது, அவன் சண்டை போட்ட வீடுகளுக்குப் போய் மன்னிப்புக் கேட்டது, எல்லாம் அவள். சாகிற சமயத்திலும் அம்மா சொன்னது அதையேதான். காரியம் முடிந்த மறுநாள் அக்கா ஆத்திரத்தோடு முடிவு செய்தாள், இனிமேல் எதையும் கட்டப் போவதில்லை என்று. ஈரம் காய்வதற்குள் அவன் அம்மாவின் நாற்காலியை அதே கதவுக்கு முன்னால் போட்டு, படத்துக்குப் பூசை போடாத குறையாக நின்றான்.

"டேய்! இங்க வா!"

நடையில் கடைசிக் காட்சிக்கு வெளிச்சம் அமைத்துக்கொண்டிருந்த தம்பி, கழுத்தில் ஹெட்போனோடு வந்து திரையைப் பார்த்தான். கண் மின்னியது.

"கதவு திறக்குதே! எப்படிக்கா பண்ணின?"

"நான் எங்கடா பண்ணினேன்? நூலை அழிச்சேன், திறந்திருக்கு. பழைய காட்சியைக் கொடு, நூலோட இருந்தது. ஒத்துப் பார்க்கணும்."

"அது இல்லையே. டிஸ்க்ல இடம் பத்தலைன்னு, நீ முடிக்க முடிக்க அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா? யாரைக் கேட்டுடா அழிச்ச?"

"புது டிஸ்க் வாங்கக் காசு நீ தர்றியா? விடுக்கா, இதுதான் நல்லாயிருக்கு. அப்படியே இருக்கட்டும்."

அவன் போய்விட்டான். அவளுக்குக் காதோரம் கொதித்தது. முன்பே முடித்துவைத்த மற்றக் காட்சிகளைத் திறந்தாள். நேற்று அழித்ததில் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அதற்கும் முன்னால் அழித்ததில் பாதி. அந்த இருட்டுக்குள் எதுவும் தெரியவில்லை. ஆனால் அது வெறும் அறையின் இருட்டாகவும் இல்லை. எதுவோ நெருங்கி நின்று வெளிச்சத்தை மறைக்கிற இருட்டு.

படத்துக்குக் கட்டி இழுக்கிற வேலையெல்லாம் செய்தவரை எல்லோரும் நரம்பண்ணன் என்பார்கள். தூண்டில் நரம்பை வைத்து நாற்காலியை நடக்க வைப்பார். அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பின்னறைக் கதவை எதுக்கு இத்தனை காட்சியில கட்டி இழுத்தீங்க? அழிச்சு அழிச்சுக் கை போச்சு."

"கதவா? நான் கதவைத் தொடவே இல்லியேம்மா. நாற்காலிக்கும் திரைச்சீலைக்கும் மட்டும்தான் கட்டினேன்."

"வெள்ளையா தெரியுதே."

"வெள்ளையா? என் நரம்பு கண்ணாடி மாதிரில்ல இருக்கும். வெள்ளை நூல்னா… அங்க உங்கம்மா கட்டின நூல் ஒண்ணு தொங்கிட்டிருந்துச்சு. அதை உன் தம்பி முதல் நாளே கத்திரியால வெட்டிட்டான். நான்தான் குப்பையில பெருக்கிப் போட்டேன். அதுக்கப்புறம்தானேம்மா கேமராவே வெச்சோம்."

அவர் இன்னும் ஏதோ கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள்.

இன்னும் ஒரே ஒரு காட்சிதான் அழிக்காமல் மிச்சம் இருந்தது. திறந்தாள். மற்றவற்றைப்போல இல்லாமல் இதில் கேமராவைச் சற்று இடதுபக்கம் தள்ளி வைத்திருந்தான். கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியில் நூல், நாலாக முறுக்கியது. சுவரோரமாக ஓடியது. இந்த முறை அது விளிம்பில் மறையவில்லை.

நூலின் மறுமுனை சன்னல் கம்பியில் இல்லை.

விரல்கள். இரண்டு சுற்றுச் சுற்றிய நூலுக்குள் பிதுங்கிய விரல்கள். ஊசி குத்திக் குத்திக் கறுத்த ஆள்காட்டி விரல், இழுக்கிற இழுப்பில் வெளுத்த நகம். மணிக்கட்டுக்கு அப்பால் படத்தில் இல்லை. அவள் அந்த விரலைப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டு நடை பழகியவள் அவள். "அம்மா" என்றாள்.

திறக்க இழுக்கிற நூல் இல்லை. திறக்காமல் பிடிக்கிற நூல். வெட்டிப் போட்ட பிறகும், செத்துப் போன பிறகும், அந்த மனுஷி படத்துக்குள் நின்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மகன் பக்கத்தில் நின்று "ஆக்‌ஷன்" சொல்லியிருக்கிறான். மகள் ஒவ்வொரு காட்சியாக உட்கார்ந்து, திட்டிக்கொண்டே, அந்தப் பிடியை அழித்திருக்கிறாள்.

காட்சி நிறுத்தப்பட்டிருந்தது. ஆனாலும் நூல் அதிர்ந்தது.

நடையில் கைப்பிடி 'டக்' என்றது.

ஓடினாள். நடையில் ஒரே ஒரு சின்ன விளக்கு. நடித்துக் கொடுக்க ஆள் இல்லாததால் கடைசிக் காட்சியில் தம்பியே அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், கதவுக்கு முதுகைக் காட்டி. எதிரே ஸ்டூலில் மானிட்டர், பக்கத்தில் கேமரா. சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் கைப்பிடி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"எழுந்திருடா!"

அவன் திரும்பவில்லை. ஷாட் ஓடுகிறது என்று விரலால் சைகை காட்டினான்.

தரையில் நரம்பண்ணன் விட்டுப்போன நரம்புச் சுருள் கிடந்தது. அவள் அதை உருவிக் கைப்பிடியில் சுற்றினாள். முடிச்சுப் போட்டாள். சன்னல் கம்பி கறுப்புத் தாளுக்குப் பின்னால். கிழிக்க நேரமில்லை. தன் கையிலேயே சுற்றினாள், இரண்டு சுற்று. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள்.

மறுபக்கமும் இழுத்தது.

நிதானமாக. அவசரமே இல்லாமல். நரம்பு உள்ளங்கையில் இறங்கியது. ரத்தம் மணிக்கட்டில் வழிந்தது. விடவில்லை.

"எழுந்து ஓடுடா சனியனே! அம்மா உன்னைத்தான்டா… உன்னைக் காப்பாத்தத்தான்டா கட்டினாங்க! அத்தனையும் அவுத்துவிட்டியே, பாவி! ஓடு!"

இத்தனை வருஷக் கோபமும் அந்தக் குரலில் வந்தது. தம்பி ஆடாமல் உட்கார்ந்திருந்தான். மானிட்டரில் தெரிந்த அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பூரித்துப் போயிருந்தான். இப்படி ஒரு முகம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

அவள் கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியே இருந்தது. நரம்பு விறைப்பாக இருந்தது. பிடித்துவிட்டோம். அம்மா, பிடித்துவிட்டேன்.

அப்புறம்தான் மானிட்டரைப் பார்த்தாள்.

அதில் அவள் இருந்தாள். சுவரில் கால் ஊன்றி, பல்லைக் கடித்து, இரண்டு முஷ்டியையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு. முஷ்டிகளில் ஒன்றுமில்லை. கைப்பிடியில் ஒன்றுமில்லை. வெறும் சுவர்; அவள் பூசிய அதே சுவர் நிறம்.

கதவு முழுசாகத் திறந்திருந்தது.

நாற்காலியின் முதுகுச் சட்டத்தின் மேல் ஒரு விரல் வந்து படிந்தது. அடுத்தது. அடுத்தது. எதிலும் ஊசி குத்திய தழும்பு இல்லை.

கத்த வாய் திறந்தாள். தம்பி, கழுத்தில் ஏதோ பட்டதுபோல் தோளைச் சிலிர்த்துக்கொண்டான். மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், போர்வைக்குள் சிரித்த அதே சின்னப்பையன் சிரிப்பைச் சிரித்தான்.

"சூப்பர்க்கா" என்றான். "நூலே தெரியலை."