இரண்டு கிலோ நானூறு

பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு வந்து ஏறி நின்றபோதும் நிறை பார்க்கும் மெஷினில் அதே எண்தான் நின்றது. ஐம்பத்து மூன்று தசம் ஆறு. நுஸ்ஹா இறங்கினாள். ஈரம் ஏதும் இருக்குமோ என்று பாதங்களைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி ஏறினாள். ஐம்பத்து மூன்று தசம் ஆறு.

கணக்கு இலேசானதுதான். கண்ணாடி வழுக்கும் என்பதால் பிள்ளையை மெஷினில் தனியே வைக்க வேண்டாம் என்று மிட்வைஃப் மிஸ் சொல்லியிருந்தார். முதலில் பிள்ளையை ஏந்திக்கொண்டு ஏற வேண்டும். பிறகு வெறுங்கையோடு ஏற வேண்டும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பிள்ளையின் நிறை வந்துவிடும். நேற்றுப் பிள்ளையோடு ஐம்பத்து மூன்று தசம் ஆறு, தனியே ஐம்பத்தொன்று தசம் இரண்டு. பிள்ளை இரண்டு கிலோ நானூறு. அவன் கைகாலை ஆட்டியதால் கடைசி எண் மட்டும் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் சற்று நேரம் நடுங்கிவிட்டு நின்றது.

திங்கட்கிழமைக்குள் இரண்டரையைத் தொடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கத்தான் வேண்டும் என்றிருந்தார் மிஸ். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. கட்டாரில் இருக்கும் அவள் புருஷன் ஹாதிக் ஒவ்வொரு நாளும் கேட்பது அந்த எண்ணைத்தான். பயம் நுஸ்ஹாவின் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை. இருபத்து நான்கு நாட்களாக அவளும் அந்த அறையை விட்டு இறங்கவில்லை. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் முடியுமட்டும் வாசல் தாண்டக் கூடாது.

பால் ஊறட்டும் என்று பால்சுறா வாங்கப் போயிருந்தாள் மூத்த சகோதரி ஹாஜறா. போகும்போது வெளிக்கதவைப் பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"வாங்குக்கு முந்தி வந்திருவன் புள்ள. ஜன்னலத் திறந்திராத. அவன்ட அரநூலயும் அவுத்திராத, சொல்லிப்போட்டன்."

இரண்டையும் செய்துவிட்டாள் நுஸ்ஹா. சாம்பிராணிப் புகையில் பிள்ளை இருமினான் என்று ஜன்னலின் ஒரு கதவைத் திறந்தாள். அரைநூலில் காவலுக்கென்று ஓர் இரும்புத் துண்டும், தாயத்தாக ஓர் இசுமுக் கூடும் கோத்திருந்தன. நேற்றைய நானூறில் அந்த இரும்புக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு? பொய்யாய் ஒரு கிராம்கூடச் சேரக் கூடாதென்று நூலை அவிழ்த்து ஜன்னல் கட்டில் வைத்தாள். பால்கட்டி மாதிரி மென்மையான அந்த இடுப்பைச் சுற்றி நூல் அழுந்திய தடம் சிவப்பாய்ப் பள்ளமாய் இருந்தது. துவாய் எடுக்கத் திரும்பினாள். அப்போதுதான் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொன்னது. துவாயோடு திரும்பியபோது பிள்ளை பாயில் அப்படியேதான் கிடந்தான். தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினாள். அப்போதும் ஐம்பத்து மூன்று தசம் ஆறுதான்.

இப்போது ஐந்து கிலோ அரிசிப் பையை எடுத்து மெஷினில் வைத்தாள். சரியாக ஐந்து காட்டியது. மெஷினில் பிழை இல்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழும் மழை, அதற்கும் பின்னால் கடல். இத்தனை சத்தத்திலும் ஒரு சத்தம் இல்லாததுதான் அவளுக்குக் கேட்டது. பிள்ளையைக் கிடத்தினால் தொட்டில் கயிறு கூரை வளையில் உரசி முனகும். இன்றைக்கு முனகவில்லை. தொட்டில் சேலை கீழே தொய்யவும் இல்லை. கொடியில் காயப்போட்ட துணியைப் போல நேராய்த் தொங்கியது.

போனை எடுத்தாள்.

"எங்க நிக்கிறீங்க ராத்தா?"

"ரோட்டெல்லாம் தண்ணி புள்ள, ஒரு கடைக்குள்ள ஒதுங்கி நிக்கன். மழ கொஞ்சம் விடட்டும். நூல் கட்டித்தானே இரிக்கி?"

"ஓம்," என்றாள் நுஸ்ஹா.

"ஜன்னல்?"

"பூட்டித்தான் இரிக்கி. கெதியா வாங்க ராத்தா."

பொய் சொன்ன வாயோடு ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். நூலை எடுத்துக்கொண்டு தொட்டிலில் இருந்து பிள்ளையைத் தூக்கினாள். கையில் துணியின் பாரம்தான் இருந்தது. அதே மூக்கு, அதே உச்சிச் சுழி. நூலைக் கட்ட இடுப்பைப் பார்த்தாள். தோல் வழவழவென்று இருந்தது. தடம் இல்லை.

கரண்ட் போனது.

கும்மிருட்டில் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவுக்குப் போய் என்ன செய்ய, திறப்பு ராத்தாவிடம். மடியில் கிடந்தது மெல்லப் புரண்டு, சட்டையை விலக்கி, தானாகவே பால் குடிக்கத் தொடங்கியது. வாய் குளிர்ந்திருந்தது. தள்ளிவிடத்தான் தோன்றியது. ஆனால் இது அவள் பிள்ளையின் முகம். ஒருவேளை இது அவள் பிள்ளையாகவே இருந்துவிட்டால்?

இடது கை வலித்தது. அப்போதுதான் கவனித்தாள். வலது கைதான் மடியில் கிடப்பதைத் தாங்கியிருந்தது. இடது கை நெஞ்சோடு மடங்கியே இருந்தது. மெஷினில் ஏறிய நேரத்திலிருந்து அதை அவள் நிமிர்த்தவே இல்லை. எதையோ ஏந்திக்கொண்டிருந்தது.

அந்தக் கைக்குள் ஏதோ அசைந்தது.

சூடாக. ஈரமாக. கழுத்தோரத்தில் மூச்சு.

சின்ன விரல்கள் அவள் சட்டைக் கழுத்தை இறுகப் பிடித்தன.

"யா அல்லாஹ்!"

பிய்த்தாள். விடவில்லை. மறுபடி பிய்த்து, பலம் கொண்டமட்டும் உதறித் தள்ளினாள். பக்கத்தில் தொப்பென்று விழுந்தது. பிறகு சத்தம் இல்லை.

இருட்டில் மெஷினின் எண் நீலமாய் விழித்தது.

2.4.

மெஷினில் எதுவும் இல்லை. வெறும் கண்ணாடி. எண் மட்டும் நடுங்கியது. 2.3. 2.4. 2.3. கைகாலை ஆட்டினால் நடுங்குமே, அப்படி.

நுஸ்ஹா மெல்லக் கையை நீட்டினாள். நீல வெளிச்சத்துக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு பாதம் தட்டுப்பட்டது. விரல் நீளம்கூட இல்லாத பாதம். சூடு இன்னும் இருந்தது. முழங்கால். தொடை. வயிறு.

இடுப்பைச் சுற்றி அவள் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. நூல் அழுந்திய தடம்.

எண் நடுங்குவதை நிறுத்தியது.

மடியில் கிடந்தது பால் குடிப்பதை நிறுத்திவிட்டு, தலையைத் திருப்பி, அவள் கை போன பக்கமாய்ப் பார்த்தது.